மூலம் என்று ஒரே சொல் - மலத்தில் வரும் ரத்தத்தின் சரித்திரம்

தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள் நண்பர்களே. சாப்பிடும் நேரமாக இருந்தால் பிறகு வந்து படியுங்கள், ஆனால் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். மலத்தில் ரத்தம் வந்தால் நம்மில் எத்தனை பேர் அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்வோம்? அப்படியே சொன்னாலும், "சூடு பிடிச்சிருக்கும், மூலமா இருக்கும், மோர் குடி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுவதும் இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் இதே கதைதான் நடந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த ரத்தத்துக்கு மருத்துவர்கள் ஒரே பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் வைத்த உடனே யோசிப்பது நின்றுவிட்டது. அந்த ஒரு பெயருக்குப் பின்னால் வேறு என்னென்ன ஒளிந்திருந்தன, அவற்றை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பதுதான் இந்தக் கட்டுரை. கடைசியில், எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

ரத்தம் போவது நல்லது!

மூலத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹெமராய்ட்ஸ்' என்ற பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அதன் பொருளே 'ரத்தம் ஒழுகுவது' என்பதுதான். அதாவது பெயரிலேயே அறிகுறிதான் இருக்கிறது, காரணம் இல்லை. ரத்தம் ஒழுகினால் அது ஹெமராய்ட்ஸ், அவ்வளவுதான்.

கி.மு. 400 வாக்கில் எழுதப்பட்ட ஹிப்போகிரட்டிஸ் வழி நூல்களில் மூலத்துக்கென்றே தனியாக ஒரு சிறு நூல் இருக்கிறது. பித்தமோ கபமோ ஆசனவாயின் நரம்புகளில் வந்து தங்கி ரத்தத்தைச் சூடாக்குவதால் அவை வீங்குகின்றன என்கிறது அது. வைத்தியம்? பழுக்கக் காய்ச்சிய இரும்பு. மயக்க மருந்து கிடையாது. நோயாளியைப் பலர் பிடித்துக்கொள்ள வேண்டும். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

ஆனால் இதைவிட ஆச்சரியமான விஷயம் வேறு ஒன்று. அதே மரபு நூல்கள், பழைய மூலத்தை முழுவதும் குணப்படுத்திவிடக் கூடாது, ஒன்றையாவது விட்டுவைக்க வேண்டும் என்று எச்சரிக்கின்றன. ஏன்? உடம்பில் நான்கு வகை நீர்மங்கள் இருக்கின்றன, அவற்றில் கெட்டுப்போன கருப்புப் பித்தம் இந்த வழியாகத்தான் வெளியே போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. வழியை அடைத்தால் நீர்க்கோவையும் க்ஷயமும் வரும் என்று பயந்தார்கள். ரோம் நகரத்து கேலன் இந்த நீர்மக் கொள்கையை விரிவாக்கினார். அவர் சொன்னது ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் ஆயிரம் வருடங்களுக்கு மேல் வேதவாக்காக இருந்தது.

ஜெர்மன் மொழியில் மூலத்துக்கு 'தங்க நரம்பு' என்றே பெயர் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ் பெற்றிருந்த ஜியார்ஜ் எர்ன்ஸ்ட் ஸ்டால் என்ற மருத்துவர், மூலத்தில் ரத்தம் போவது உடம்புக்கு நன்மை செய்யும் என்று பெரிதாக எழுதினார். ரத்தம் தானாக வராதவர்களுக்கு அந்த இடத்தில் அட்டை விட்டு ரத்தம் எடுக்கும் பழக்கமும் 19-ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. அப்படி ஒரு காலத்தில், குடலுக்குள் புற்று வளர்ந்து ரத்தம் கசிந்த நோயாளி ஒருவர் வைத்தியரிடம் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "நல்லதுதானே, கெட்டது போகட்டும்" என்றுதான்.

நம் நாட்டில்

இந்திய மருத்துவத்தில் சுஸ்ருத சம்ஹிதை மூலத்தை 'அர்சஸ்' என்று அழைத்து, நான்கு வகை வைத்தியங்களைச் சொல்கிறது: மருந்து, காரம் வைத்துக் கரைப்பது, சூடு போடுவது, கத்தியால் அறுப்பது. இதில் எனக்குப் பிடித்தது வைத்தியம் அல்ல, ஒரு கருவி. பசுவின் காம்பு போன்ற வடிவத்தில், நான்கு விரற்கடை நீளத்தில் ஒரு குழாய். அதைச் செருகித் திறப்பின் வழியாக உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும், பிறகுதான் கை வைக்க வேண்டும். இன்றைக்கு டாக்டர்கள் உபயோகிக்கும் புராக்டாஸ்கோப்பும் அடிப்படையில் இதே மாதிரி ஒரு குட்டிக் குழாய்தான். பார்த்த பிறகு முடிவு செய் என்ற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது. நான்கு விரற்கடைக்கு அப்பால் பார்க்கத்தான் வழி இல்லை.

நம் தமிழ்நாட்டுச் சுவர்களைப் பாருங்கள். பேருந்து நிலையம், ரயில் பாதை ஓரம், கட்டணக் கழிப்பிடம் என்று எங்கு பார்த்தாலும் மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்ற விளம்பரம்தான். இதைப் பார்த்துப் பார்த்து நமக்கு என்ன ஆகிவிட்டது என்றால், ரத்தம் கண்டவுடன் நோயின் பெயரை நாமே முடிவு செய்து, மருந்துக்கு மட்டும் ஆள் தேடுகிறோம். உள்ளே பார்ப்பது என்ற கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

ராஜாவுக்கும் வரும்

1686-ஆம் வருடம் ஜனவரியில் பிரான்ஸ் நாட்டு மன்னர் 14-ஆம் லூயிக்கு ஆசனவாய்க்கு அருகில் ஒரு வீக்கம் வந்தது. அது சீழ்க்கட்டியாகிப் பௌத்திரமாக மாறியது. உட்கார முடியவில்லை, குதிரை ஏற முடியவில்லை. பூச்சு மருந்துகளால் பயன் இல்லை. பரேஜ் என்ற ஊரின் ஊற்று நீர் குணப்படுத்தும் என்று சிலர் சொல்ல, முதலில் அதே நோயுள்ள வேறு நோயாளிகளை அங்கே அனுப்பிச் சோதித்தார்கள். யாருக்கும் குணமாகவில்லை.

கடைசியில் அறுவை வைத்தியர் ஷார்ல் ஃப்ரான்சுவா ஃபெலிக்ஸ் பொறுப்பேற்றார். அவர் பல மாதங்கள் ஏழை நோயாளிகளிடம் அறுவை செய்து பழகினார். அதற்காகவே ஒரு வளைந்த கத்தியையும் செய்துகொண்டார். 1686 நவம்பர் 18-ஆம் தேதி காலை, வெர்சாய் அரண்மனையில் மிக ரகசியமாக அறுவை நடந்தது. மன்னர் சத்தம் போடாமல் தாங்கினாராம். குணமும் ஆனார். ஃபெலிக்ஸுக்குப் பணமும் நிலமும் பட்டமும் கிடைத்தன. அதுவரை நாவிதர்களோடு சேர்த்து எண்ணப்பட்ட அறுவை வைத்தியர்களுக்கு அதன் பிறகு பிரான்சில் மரியாதை கூடியது. (அரண்மனைக்காரர்கள் சிலர் தங்களுக்கும் அதே அறுவை வேண்டும் என்று கேட்டு வந்தார்களாம். ஃபேஷன் எதில்தான் இல்லை!)

மன்னருக்காகப் பழகிப் பார்க்கப்பட்ட அந்த ஏழைகளின் பெயர்களைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஏழு படுக்கைகள்

மன்னருக்கு அரண்மனையிலேயே வைத்தியம். ஏழைக்கு? 1835-ல் லண்டனில் ஃப்ரெடெரிக் சால்மன் என்ற டாக்டர், ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஏழு படுக்கைகளோடு ஒரு சிறிய மருத்துவமனையைத் திறந்தார். பௌத்திரம் முதலான மலக்குடல் நோய்களால் அவதிப்படும் ஏழைகளுக்கு மட்டுமான இடம் அது. சால்மனிடம் அறுவை செய்துகொண்டவர்களில் ஒருவர் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். வருடம் 1841. ஈதர் மயக்க மருந்து வர இன்னும் ஐந்து வருடங்கள் இருந்தன!

இந்த மருத்துவமனை 1854-ல் பெரிய கட்டடத்துக்கு மாறியது. திறப்பு விழா நடந்த நாள் புனித மாற்கு திருநாள் என்பதால் செயின்ட் மார்க்ஸ் என்ற பெயர் வந்தது. ஒரே இடத்தில் ஒரே வகை நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வந்ததால் ஒரு நன்மை விளைந்தது. ரத்தம் வருகிறது என்று வரும் எல்லோருக்கும் ஒரே நோய் இல்லை என்பது அங்கே தெளிவாகத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் மலக்குடல் புற்றுநோய் என்றால் ஏறக்குறைய மரண தண்டனைதான். எர்னஸ்ட் மைல்ஸ் என்ற லண்டன் அறுவை நிபுணர், பழைய முறையில் தான் ஆபரேஷன் செய்த 57 பேரின் கணக்கை நேர்மையாக எடுத்துப் பார்த்தார். 54 பேருக்குப் புற்று திரும்ப வந்திருந்தது. இதை மறைக்காமல் எழுதி, வயிற்றின் வழியாகவும் கீழ்வழியாகவும் சேர்த்துச் செய்யும் பெரிய அறுவை முறையை 1908-ல் வெளியிட்டார். 1932-ல் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோய்க்குறியியல் நிபுணர் கத்பர்ட் டியூக்ஸ், வெட்டியெடுத்த குடல்களை ஆராய்ந்து புற்றை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். குடல் சுவருக்குள்ளேயே இருந்தால் ஏ, சுவரைத் தாண்டினால் பி, நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்விட்டால் சி. ஏ கட்டத்தில் வந்தவர் பிழைத்தார், சி கட்டத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. எவ்வளவு சீக்கிரம் வந்தார் என்பதில்தான் உயிர் இருக்கிறது என்று இந்த மூன்று எழுத்துகள் காட்டின.

உள்ளே பார்த்த கதை

சரி, சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டுமானால் உள்ளே பார்க்க வேண்டுமே? இருட்டுக் குகைக்குள் எப்படிப் பார்ப்பது?

1806 வாக்கில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் ஃபிலிப் போஸினி என்ற டாக்டர், மெழுகுவர்த்தி, கண்ணாடி, குழாய் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கருவி செய்தார். உடம்பின் துவாரங்களுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கலாம். வியன்னா மருத்துவப் பெரியவர்கள் அதை வேண்டாத வேடிக்கை என்று ஒதுக்கிவிட்டார்கள். போஸினி 1809-ல் 35 வயதில் காய்ச்சலில் இறந்து போனார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நேரான இரும்புக் குழாய்கள் வந்தன. ஆனால் பெருங்குடல் வளைந்து வளைந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் போகிறது. நேரான குழாய் ஒரு முழம்கூடப் போகாது.

1957-ல் அமெரிக்காவில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ், கண்ணாடி இழைகளால் ஆன வளையும் குழாயால் இரைப்பைக்குள் பார்த்தார். அதே தொழில்நுட்பம் சில வருடங்களில் பெருங்குடலுக்கும் வந்தது. 1969-ல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃப் இருவரும் குழாயின் நுனியில் கம்பிச் சுருக்கு வைத்து, குடலுக்குள் இருந்த பாலிப் என்கிற சதை மொட்டை வயிற்றைக் கிழிக்காமலே அறுத்தெடுத்தார்கள். பெருங்குடல் புற்றில் பெரும்பாலானது இந்த மொட்டுகளிலிருந்துதான் வருகிறது. மொட்டு புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடங்கள் போல ஆகும். அந்த இடைவெளியில் அதைக் கிள்ளிவிட்டால் புற்று வருவதையே தடுக்கலாம்.

இன்னொரு பக்கம், கண்ணுக்கே தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் வழியும் வளர்ந்தது. குவாயக் என்ற மரத்தின் பிசின் ரத்தம் பட்டால் நீலமாக மாறும் என்பது 1860-களிலேயே தெரியும். 1967-ல் அமெரிக்க டாக்டர் டேவிட் கிரீகர், இந்தப் பிசின் தடவிய அட்டையை நோயாளிகளிடம் கொடுத்து வீட்டிலேயே மாதிரி எடுத்துவரச் சொன்னார். இது பயன்படுமா என்று மினசோட்டாவில் 46,551 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. 1993-ல் முடிவு வந்தது: வருடா வருடம் சோதித்தவர்களிடம் பெருங்குடல் புற்றால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரு அட்டை, ஒரு குச்சி, அவ்வளவுதான் செலவு!

ஜனாதிபதியின் குடல்

கருவி வந்துவிட்டது. கூச்சமும் தயக்கமும் போனதா? இல்லை.

அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகனுக்கு 1984-ல் குடலில் ஒரு சிறிய மொட்டு தெரிந்தது. 1985 மார்ச்சில் மலத்தில் ரத்தத்தின் தடயமும் தெரிந்தது. உணவு மாற்றி மறுபடி சோதித்தபோது ரத்தம் இல்லை என்று வந்தது, எனவே தள்ளிப் போட்டார்கள். ஜூலை 12-ஆம் தேதி அந்தச் சிறிய மொட்டை எடுக்கப் போனபோது முழுக் குடலையும் பார்த்தார்கள். பெருங்குடலின் ஆரம்பத்தில் பெரிய கட்டி ஒன்று இருந்தது. மறுநாள் அறுவை. இரண்டு அடி நீளக் குடலை எடுத்தார்கள். கட்டி புற்றாக இருந்தது, ஆனால் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை. அப்போது அவருக்கு 74 வயது. 2004-ல் 93 வயதில் இறந்தபோது காரணம் புற்று அல்ல. உலகத்திலேயே சிறந்த டாக்டர்கள் பக்கத்தில் இருந்த மனிதருக்கே முழுக் குடலையும் பார்க்க இத்தனை மாதங்கள் ஆயின. அன்றைக்கே பத்திரிகைகள் இதைக் கேள்வி கேட்டன.

இரண்டாவது ஆள் ஒரு பெண். தொலைக்காட்சி அறிவிப்பாளர் கேட்டி கூரிக். 1998-ல் அவர் கணவர் 42 வயதில் பெருங்குடல் புற்றால் இறந்தார். 2000-ல் கேட்டி தனக்கு நடந்த கொலோனோஸ்கோபி சோதனையைத் தொலைக்காட்சியில் நாடே பார்க்கக் காட்டினார். அடுத்த மாதங்களில் அமெரிக்காவில் இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடியது என்று பிறகு ஓர் ஆய்வு சொன்னது. எந்த மருந்தும் செய்யாததை ஒரு பெண்ணின் வெட்கப்படாத துணிச்சல் செய்தது.

ஆனால் 2020-ல், 'பிளாக் பாந்தர்' படத்தின் கதாநாயகன் சாட்விக் போஸ்மன் இதே புற்றால் 43 வயதில் இறந்தார். இது வயதானவர்கள் நோய் என்று நினைத்தவர்கள் திடுக்கிட்டார்கள். பல நாடுகளில் 50 வயதுக்குக் கீழே இந்தப் புற்று கூடி வருகிறது. அதனால் அமெரிக்காவில் 2021-ல் பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள்.

ரத்தம் என்ன சொல்கிறது?

இப்போது முக்கியமான பகுதி. பயப்பட வேண்டாம், மலத்தில் ரத்தம் வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்று இல்லை. பொதுவான காரணங்கள் இவை:

1. மூலம் - வலியில்லாமல் பளிச்சென்ற சிவப்பில் சொட்டும். நார்ச்சத்து, தண்ணீர், முக்காமல் இருப்பது போன்றவற்றாலேயே பலருக்குச் சரியாகும். 1963-ல் பிரபலமான ரப்பர் வளையம் போடும் முறையால் நிறைய பேருக்குப் பெரிய ஆபரேஷன் தேவைப்படாமல் போனது.

2. வெடிப்பு - மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுவது போல வலி, கொஞ்சம் ரத்தம். மலச்சிக்கல்தான் முக்கியக் காரணம்.

3. பௌத்திரம் - ரத்தத்தோடு சீழும் கசியும், பக்கத்தில் சிறு துவாரம் தெரியும்.

4. சீதபேதி, ரத்தபேதி - அமீபா அல்லது பாக்டீரியா கிருமியால் வருவது. வயிற்றுக்கடுப்பு, சளி, காய்ச்சல் சேர்ந்து வரும்.

5. குடல் அழற்சி நோய்கள் - இளைஞர்களுக்கும் வரும். வாரக்கணக்கில் ரத்தமும் சளியும் கலந்து போகும்.

6. பாலிப், பெருங்குடல் புற்று - சில சமயம் ரத்தம் தவிர வேறு அறிகுறியே இருக்காது.

7. இரைப்பைப் புண் - மேலே கசியும் ரத்தம் கீழே வருவதற்குள் தார் போலக் கருப்பாகி, கெட்ட நாற்றத்தோடு வரும். ஆஸ்பிரின், வலி மாத்திரைகள் அதிகம் சாப்பிடுபவர்கள் கவனிக்கவும்.

பீட்ரூட் சாப்பிட்டால் சிவப்பாகவும், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் கருப்பாகவும் போகலாம். அது ரத்தம் இல்லை.

எப்போது போக வேண்டும்?

உடனே, அந்த நிமிடமே: ரத்தம் நிறைய போனால் அல்லது நிற்காமல் போனால், தலை சுற்றி மயக்கம் வந்தால், கட்டி கட்டியாக வந்தால், மலம் தார் போலக் கருத்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், கடுமையான வயிற்று வலி இருந்தால். தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடுங்கள். கைக்குழந்தை வீறிட்டு அழுது, சிவப்பு ஜெல்லி போல மலம் போனால் அதுவும் அவசரம்தான். குடல் குடலுக்குள் மடிந்திருக்கலாம்.

தள்ளிப் போடாமல், சில நாட்களுக்குள்: ரத்தம் திரும்பத் திரும்ப வந்தால், மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை என்று சொல்லியிருந்தால், வயது 40-ஐத் தாண்டியிருந்தால், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது பெருங்குடல் புற்று வந்திருந்தால்.

ஒரே ஒரு முறை, மலச்சிக்கலின்போது, கொஞ்சமாக வந்து நின்றுவிட்டால்கூட அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சொல்லிவிடுங்கள். அவர் செய்வதும் பெரிய விஷயமில்லை. சில கேள்விகள், கையுறை போட்ட விரலால் ஒரு நிமிடச் சோதனை, தேவைப்பட்டால் சிறு குழாயால் பார்ப்பது. சந்தேகம் இருந்தால்தான் கொலோனோஸ்கோபி.

இன்னொரு விஷயம். ஒருவருக்கு மூலம் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். அதற்கும் மேலே குடலில் மொட்டும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகாது.

முடிவாக

2022-ல் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்று கண்டுபிடிக்கப்பட்டது, சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். அமெரிக்கக் கணக்குப்படி, குடலைத் தாண்டாத கட்டத்தில் கண்டுபிடித்தால் 10-ல் 9 பேர் ஐந்து வருடங்களுக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் 10-ல் 2 பேர்கூட இல்லை. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் காலதாமதம்தான். காலதாமதத்துக்குக் காரணம் பல சமயம் வெட்கம்.

கிரேக்கர்களிடம் வெளிச்சம் இல்லை. 14-ஆம் லூயியிடம் மயக்க மருந்து இல்லை. நம்மிடம் இரண்டும் இருக்கின்றன, அரசு மருத்துவமனையிலேயே இருக்கின்றன. வீட்டில் அப்பாவோ அம்மாவோ ரொம்ப நாளாக "மூலம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், உள்ளே பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.